மோரிஸ் மைனர் எஸ்.யூ கார்புரேட்டர்: மாற்றியமைத்த பின் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

எஸ்.யூ கார்புரேட்டரில் மெயின் ஜெட், ஸ்லோ ஜெட், ஆக்சிலேட்டர் பம்ப் என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. ஒரே ஜெட், அதாவது பெட்ரோல் வரும் சிறு குழாய். அதற்குள் ஏறி இறங்கும், நுனி நோக்கி மெலியும் ஊசி போன்ற ஒரே நீடில். அந்த நீடிலைத் தூக்குவது பிஸ்டன், பிஸ்டனைத் தூக்குவது எஞ்சின் இழுக்கும் காற்று. இத்தனை எளிமையாக இருப்பதால்தான் பலர் துணிந்து கை வைக்கிறார்கள். ஆனால் காற்று வரும் வழியில் எதை மாற்றினாலும் பிஸ்டன் ஏறும் உயரம் மாறும், உயரம் மாறினால் பெட்ரோல் அளவும் மாறும். ஏர் ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டு நீடிலைத் தொடாமல் விட்டவர்களின் கார்தான் பெரும்பாலும் திணறிக்கொண்டு வந்து நிற்கிறது.

இங்கே சொல்வது 1962-க்குப் பிறகு வந்த 1098 சிசி மைனர் 1000 காருக்கும் அதில் உள்ள ஹெச்எஸ்2 கார்புரேட்டருக்கும். அதற்கு முந்தைய 948 சிசி எஞ்சினில் பெரும்பாலும் இருப்பது பழைய வகை ஹெச்2. முறை ஒன்றுதான், நீடிலும் எண்களும் வேறு. பழைய அம்பாசிடரில் எஸ்.யூ வைத்திருப்பவர்களும் எண்களைத் தங்கள் எஞ்சினுக்கு மாற்றிக்கொண்டு இதே வரிசையில் போகலாம். இலங்கையில் இன்றும் சாலையில் ஓடும் மைனர்களில், பல கை மாறி, எந்தக் காரின் கார்புரேட்டர் என்றே தெரியாமல் ஏதோ ஒன்று மாட்டியிருக்கும். அப்படியானால் முதல் வேலை அடையாளம் காண்பது. 'ஹெச்எஸ்' எழுத்துக்குப் பின்னால் வரும் எண், ஒரு அங்குலத்துக்கு மேல் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதைச் சொல்கிறது. ஹெச்எஸ்2 என்றால் ஒன்றேகால் அங்குல வாய், ஹெச்எஸ்4 என்றால் ஒன்றரை அங்குலம்.

வழக்கமாகச் செய்யப்படும் மாற்றங்கள் மூன்று: காற்று தாராளமாக வரும் ஃபில்டர், ரிச்சான (பெட்ரோல் கூடுதலாக விடும்) நீடில், ஹெச்எஸ்2-ஐக் கழற்றிவிட்டு ஹெச்எஸ்4. மூன்றாவதற்கு அவசரம் வேண்டாம். கேம், ஹெட், எக்ஸாஸ்ட் எதையும் தொடாத 1098 எஞ்சினுக்கு ஹெச்எஸ்2 போதும். 998 சிசி மினி கூப்பர் இதே ஹெச்எஸ்2 இரண்டைப் போட்டுத்தான் ஓடியது. ஒரு ஹெச்எஸ்2-ஐ ஒழுங்காக அமைத்தாலே பாதிப் பேருக்கு வேண்டிய பிக்கப் வந்துவிடும்.

கார்புரேட்டரைத் தொடுமுன்

டாப்பெட் இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.012 அங்குலம் (0.30 மி.மீ.). பாயிண்ட் 0.015 அங்குலம் (0.38 மி.மீ.). பிளக் 0.025 அங்குலம் (0.63 மி.மீ.). டைமிங், எஞ்சின் நின்ற நிலையில், மேல் மையத்துக்கு 3 டிகிரி முன்னால். இந்த நான்கும் சரியாக இல்லாத எஞ்சினில் கார்புரேட்டர் ட்யூனிங் செய்வது வீண் வேலை. பாயிண்ட் தேய்ந்து வரும் மிஸ்ஸிங்கும், லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடி வரும் மிஸ்ஸிங்கும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும்.

அடுத்து கார்புரேட்டரின் அடிப்படை நிலை. நீடிலின் தோள் பிஸ்டனின் அடிமுகத்தோடு சமமாக இருக்க வேண்டும். உள்ளேயும் போகக்கூடாது, வெளியேயும் துருத்தக்கூடாது. ஜெட் நட்டை முழுவதும் மேலே ஏற்றிவிட்டு, பன்னிரண்டு பட்டை, அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்கவும். அதுதான் தொடக்கப் புள்ளி. பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் தங்கு தடையின்றி இறங்கி 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு அமர வேண்டும். ஜெட்டைக் கீழே இழுத்தால் சத்தம் கேட்கிறது, மேலே ஏற்றினால் கேட்கவில்லை என்றால், ஜெட் மையத்தில் இல்லை என்று பொருள். ஜெட்டைக் கீழே இழுக்கும் சோக் இணைப்பைக் கழற்றி, சரிசெய்யும் நட்டை அதன் ஸ்பிரிங் இல்லாமல் முழுவதும் மேலேற்றி, ஜெட்டைத் தாங்கும் பூட்டு நட்டைத் தளர்த்தவும். மேலே டேம்பர் (பிஸ்டன் துள்ளாமல் எண்ணெயில் பிடித்து வைக்கும் தண்டு) இருந்த துளை வழியாக ஒரு பென்சிலால் பிஸ்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே பூட்டு நட்டை இறுக்கவும். ஒரே தடவையில் வராது. மூன்று நான்கு முறை செய்ய வேண்டியிருக்கும். இறுக்கும்போது ஜெட் நகர்ந்துவிடும் என்பதுதான் காரணம்.

பெட்ரோல் திறந்திருக்கும் வேலை இது. பேட்டரியைக் கழற்றவும், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

ஸ்லோ நிற்கவில்லை, அல்லது ரேஸ் ஏறியபடியே நிற்கிறது

பெரும்பாலும் காற்றுக் கசிவு. எஞ்சின் ஸ்லோவில் ஓடும்போது திராட்டில் தண்டின் இரு முனைகளிலும், கார்புரேட்டர் மேனிஃபோல்டைச் சேரும் பேக்கிங்கிலும் கொஞ்சம் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பாருங்கள். எங்கே அடிக்கும்போது ரேஸ் மாறுகிறதோ அங்கேதான் கசிவு. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நேர் கீழே இருக்கிறது. ஸ்பிரேயைத் துளித்துளியாக மட்டும், கையைத் தள்ளி வைத்து அடிக்கவும்.

தண்டு ஆடினால் புதுத் தண்டு மட்டும் போட்டுப் பயனில்லை; உடலில் உள்ள துளையும் முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும். லேத்தில் துளையை ரீமர் விட்டு புஷ் போட வேண்டும். திராட்டில் தகட்டைப் பிடிக்கும் இரண்டு சிறு ஸ்குரூக்களின் முனை பிளந்திருக்கும். புது ஸ்குரூ போட்டு, தகடு முழுவதும் மூடி உட்கார்ந்ததை உறுதி செய்தபின், அந்தப் பிளவை விரித்துவிடவும். விரிக்காத ஸ்குரூ கழன்றால் நேராக சிலிண்டருக்குள் போய் விழும். ஒரு ஸ்குரூவுக்கு ஒரு பிஸ்டனை இழக்க வேண்டாம்.

ஹெச்எஸ்4 மாட்டியவர்கள் திராட்டில் தகட்டைப் பார்க்கவும். எழுபதுகளில் வந்த சிலவற்றில் தகட்டின் மேலேயே ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டி வால்வு இருக்கும். புகை கட்டுப்பாட்டுக்காக வைத்தது அது. அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் ஆக்சிலேட்டரை விட்டபின்னும் ரேஸ் இறங்காது. வால்வு இல்லாத வெறும் தகட்டை மாற்றிப் போடுவதே தீர்வு. அதைப் போட்டால் காற்று வழியில் தடையும் குறையும், இரட்டை லாபம்.

கசிவு எதுவும் இல்லையென்றால் மிக்சரைப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடானபின், பிஸ்டனைத் தூக்கும் சிறு கம்பியை அழுத்தி பிஸ்டனை முக்கால் மில்லிமீட்டர் அளவே தூக்கவும். ரேஸ் ஒரு கணம் லேசாக ஏறி, பழைய நிலைக்கே வந்தால் மிக்சர் சரி. ஏறி அங்கேயே நின்றால் ரிச். நட்டை ஒரு பட்டை மேலே ஏற்றவும். எஞ்சின் அமுங்கினால் லீன். ஒரு பட்டை கீழே இறக்கவும். ஒவ்வொரு பட்டைக்கும் பிறகு ஒரு முறை ரேஸ் கொடுத்துவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும்.

மிதித்ததும் ஒரு நொடி திணறல், பிறகு ஓடுகிறது

எஸ்.யூவில் ஆக்சிலேட்டர் பம்ப் இல்லாத குறையை நிரப்புவது பிஸ்டன் தண்டுக்குள் இருக்கும் எண்ணெய். சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் துள்ளி மேலேறாமல் எண்ணெய் அதைப் பிடித்து வைக்கிறது. அந்தக் கணத்தில் ஜெட்டின் மேல் உறிஞ்சல் கூடி, கூடுதல் பெட்ரோல் வருகிறது. எண்ணெய் இல்லையென்றால் பிஸ்டன் துள்ளும், காற்று பாயும், பெட்ரோல் பின்தங்கும். அதுதான் அந்தத் திணறல்.

முதலில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். டேம்பர் மூடியை உள்ளே விடும்போது எண்ணெயின் எதிர்ப்பு, மரை பிடிக்கும் இடத்துக்குச் சுமார் கால் அங்குலம் முன்னாலேயே கையில் தெரிய வேண்டும். 20 கிரேடு எண்ணெய் போதும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குப் போடும் மெல்லிய ஏடிஎஃப் எண்ணெயை ஊற்றி வைத்திருக்கும் கார்கள் அடிக்கடி வரும். திணறலுக்கு அதுவே காரணமாக இருக்கும். எஞ்சின் ஆயில் 20W-50 ஊற்றினால் திணறல் போகும், ஆனால் குளிர்ந்த எஞ்சினில் பிஸ்டன் சோம்பலாக ஏறும். வெயில் ஊர்களில் இது ஏற்றுக்கொள்ளக்கூடிய சமரசம்.

ஊற்றிய எண்ணெய் ஒரே வாரத்தில் காணாமல் போனால் பிஸ்டன் தண்டுக்கு வெளியே வழிகிறது; நிரம்ப ஊற்றியிருப்பார்கள். மூடியின் தலையில் துளை இருக்கிறதா என்பதும் முக்கியம். பிஸ்டன் ஏறி இறங்கும் மேல் கூடான சேம்பர், சிலவற்றில் அதற்குள்ளேயே காற்று வழி உண்டு, அவற்றுக்குத் துளையில்லாத மூடி. மற்றவற்றுக்குத் துளையுள்ள மூடி. இரண்டையும் மாற்றிப் போட்டால் டேம்பர் வேலை செய்யாது, பிஸ்டன் காற்றில் அடைபடும்.

எண்ணெய் சரியாக இருந்தும் திணறினால் ஸ்பிரிங். ஹெச்எஸ்2-க்கு சிவப்பு வண்ண ஸ்பிரிங், நான்கரை அவுன்ஸ். யாரோ நீல வண்ண ஸ்பிரிங்கைப் போட்டிருந்தால், அது இரண்டரை அவுன்ஸ்தான். பிஸ்டன் லேசாக ஏறிவிடும், எல்லா ரேஸிலும் லீனாகவே ஓடும். மஞ்சள் எட்டு அவுன்ஸ்; போட்டால் ரிச்சாகும். நீடில் வாங்கச் செலவு செய்ய மனமில்லாமல் ஸ்பிரிங்கை நறுக்கி விளையாடுவது சரியல்ல. நறுக்கிய ஸ்பிரிங் எத்தனை அவுன்ஸ் என்று யாருக்கும் தெரியாது. பின்னால் வருபவர் எந்த அளவையும் நம்ப முடியாமல் போகும்.

பிஸ்டனும் சேம்பரும் ஒன்றுக்கொன்று அளந்து செய்யப்பட்ட ஜோடி. வேறு காரின் சேம்பரை எடுத்து மாட்டியிருந்தால் இடைவெளி கூடியிருக்கும். சோதனை இது: ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பிஸ்டனில் உள்ள துளைகளை களிமண்ணாலோ ரப்பராலோ அடைத்து, டேம்பரோடு ஜோடியைத் தலைகீழாகப் பிடிக்கவும். சேம்பர் முழுத் தூரமும் இறங்க, ஒன்றேகால் அங்குல வகைக்கு 3 முதல் 5 விநாடி ஆக வேண்டும்; பெரிய வகைகளுக்கு 5 முதல் 7. அதற்கு முன்னாலேயே விழுந்தால் ஜோடி பொருந்தவில்லை அல்லது தேய்ந்துவிட்டது. சேம்பரின் உள்ளே எமரித் தாள் போடவே கூடாது. பெட்ரோலில் நனைத்த துணி போதும். எண்ணெய் தண்டில் மட்டும்; பிஸ்டனின் பெரிய வட்டம் உலர்ந்தே இருக்க வேண்டும்.

ஸ்லோவும் நடு ரேஸும் சரி, மேலே இழுவை இல்லை

புது ஃபில்டர் போட்டபின் வரும் புகார்களில் இதுதான் முதலிடம். உடனே நீடிலைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயின் முகத்தைப் பாருங்கள். பெரிய வாய்க்கு அருகே சிறு துளைகள் தெரியும். அவற்றில் ஒன்று பிஸ்டனின் அடிப்பக்கத்துக்கு வெளிக்காற்றைக் கொண்டுபோகும் வழி. ஃபில்டர் பேக்கிங்கைத் தலைகீழாக மாட்டினாலோ, துளை இல்லாத பேக்கிங்கைப் போட்டாலோ அந்த வழி அடைபடும். பிஸ்டன் பாதி உயரத்துக்கு மேல் ஏறாது. இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பேக்கிங்கைத் திருப்பிப் போட்டாலே பல கார்கள் சரியாகிவிடும்.

அதே நேரத்தில் வாயின் விளிம்பையும் கவனியுங்கள். பழைய ஃபில்டர் பெட்டியின் கழுத்து வளைந்து வந்து காற்றை ஒழுங்காக உள்ளே திருப்பியது. மலிவான வட்ட ஃபில்டர்களின் தட்டு வெறும் கூர் விளிம்பு. அதில் காற்று சுழன்று திரும்பும், வாயின் முழு அளவும் பயன்படாது. உட்பக்கம் வளைந்த குட்டி ஊதுகுழல் போன்ற வளையத்தை ஃபில்டருக்குள் மாட்டுவது, ஃபில்டரை மாற்றியதைவிடவும் பலன் தரும்.

இனி, பெட்ரோல் வந்து சேரவில்லையா, வந்தும் நீடில் போதவில்லையா என்று பிரிக்க வேண்டும். மைனரின் எஸ்.யூ மின்சார பம்ப் பானெட்டுக்குள் இருப்பதால் சோதனை சுலபம். கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, இக்னிஷனைப் போடவும். ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்குக் கிட்ட வர வேண்டும். அதற்கு மேல் இக்னிஷனைப் போட்டு வைக்காதீர்கள், காயில் சூடேறும். பம்ப் வேகமாக டிக்டிக்கென்று அடித்தும் பெட்ரோல் வரவில்லையென்றால் டாங்க் பக்கக் குழாயில் காற்று உறிஞ்சுகிறது. மெதுவாக அடித்து, குறைவாக வந்தால் வடிகட்டி அடைப்பு.

ஓட்டத்திலும் வேறுபாடு தெரியும். பெட்ரோல் வறட்சி என்றால் ஏற்றத்தில் சில விநாடிகள் நன்றாக இழுத்து, பிறகு பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பர் காலியானதும் வெட்டும். ஆக்சிலேட்டரை விட்டுப் பிடித்தால் மீண்டும் சில விநாடி இழுக்கும். நீடில் லீன் என்றால் முதல் விநாடியில் இருந்தே சோம்பலாக இருக்கும். சோக்கைக் கால் பங்கு இழுத்தால் சட்டென்று இழுவை கூடும். சோக் இழுத்ததும் கூடுகிறதா என்பதே லீனுக்கு மிக நேர்மையான சாட்சி.

நீடில்தான் காரணம் என்று முடிவானால், 1098-க்குத் தொழிற்சாலை போட்டது ஏஎன். அதற்கடுத்த ரிச்சான நீடில் ஹெச்6. லீனானது ஈபி. கழற்றிப் பார்த்தால் நீடிலின் தண்டில் எழுத்து பொறித்திருக்கும். ஈபி இருந்தால் யாரோ மைலேஜுக்காக மாற்றியிருக்கிறார்கள். முதலில் ஏஎன்னுக்குத் திரும்புங்கள். ஏஎன்னோடு ஃபில்டர் மாற்றம் மட்டும் என்றால், ஹெச்6 போட்டு நட்டை மறுபடி பன்னிரண்டு பட்டையிலிருந்து தொடங்குங்கள்.

நீடிலை மாற்றாமல் நட்டை மட்டும் இறக்கி மேல் ரேஸைச் சரிசெய்யலாமா என்று பலர் கேட்பார்கள். முடியாது. ஸ்லோவில் நீடிலின் தடித்த பகுதி ஜெட்டை ஏறக்குறைய அடைத்துக்கொண்டிருக்கும். நூலிழை இடைவெளிதான் மிச்சம். நட்டை இரண்டு பட்டை இறக்கினால் அந்த நூலிழை விகிதத்தில் மிகவும் பெரிதாகும், ஸ்லோ கரும்புகை விடும். மேலேயோ இடைவெளி ஏற்கெனவே பெரிது, அதே இரண்டு பட்டையின் விளைவு தெரியவே தெரியாது. நட்டு ஸ்லோவுக்கு, நீடிலின் வடிவம் மேலுக்கு.

நீடிலின் பருமனை எட்டில் ஒரு அங்குலத்துக்கு ஒரு நிலையாக அளப்பார்கள். முதல் இரண்டு நிலை ஸ்லோ, அதற்கடுத்தவை சாதாரண ஓட்டம், நுனிப்பக்கம் முழு ஆக்சிலேட்டர். பட்டியலில் இரண்டு நீடில்களை ஒப்பிடும்போது எந்த நிலையில் மெலிகிறது என்று பார்த்து வாங்கவும். 0.001 அங்குல வித்தியாசமே ஓட்டத்தில் தெரியும். டிரில்லில் நீடிலைச் சுழலவிட்டு மெல்லிய எமரியால் தேய்க்கும் பழக்கமும் உண்டு. செய்வதானால் கையில் இன்னொரு நீடில் இருக்கட்டும். மைக்ரோமீட்டர் இல்லாமல் தொடவே வேண்டாம்.

மாற்றியபின் சரிபார்க்க, காலியான சாலையில் மூன்றாவது கியரில் ஏற்றத்தில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, கிளட்சை மிதித்து அதே கணம் இக்னிஷனை அணைத்து ஓரம் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டியரிங் பூட்டு உள்ள காரில் இந்த முறை கூடாது. வெளுத்த பீங்கான் லீன். பளபளப்பில்லாத புகைக்கரி படிந்த கறுப்பு ரிச். மங்கிய பழுப்பு அல்லது சாம்பல் நிறம் சரி. ஸ்லோவில் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் பிளக் பார்ப்பதில் பொருளில்லை.

எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், பத்து விழுக்காடு எத்தனாலுக்குச் சுமார் 14.1, இருபது விழுக்காட்டுக்குச் சுமார் 13.5. அதே நீடில், அதே பட்டை, ஆனால் எஞ்சின் லீனாக ஓடும். பழைய ரப்பர் வளையங்களையும் ஜெட்டுக்குப் போகும் குழாயையும் எத்தனால் கெடுக்கும். கார்புரேட்டரைத் திறந்ததோடு அவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

கரும்புகை, பெட்ரோல் நாற்றம், ஓவர்ஃப்ளோ

இக்னிஷன் போட்டு எஞ்சின் ஓடாமலிருக்கும்போது பம்ப் இரண்டு மூன்று அடி அடித்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் ஃப்ளோட் ஊசி வால்வு மூடவில்லை. ஃப்ளோட் சேம்பர் மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளோட்டுக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையே மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இருக்கிறதா என்று எட்டில் ஒரு அங்குல டிரில் பிட்டை வைத்துப் பார்க்கவும். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்கக்கூடாது.

ஓவர்ஃப்ளோ இல்லாமல் புகை மட்டும் என்றால் சோக் முழுவதும் திரும்பவில்லை. ஜெட்டைக் கீழிருந்து விரலால் மேலே தள்ளுங்கள், நகர்ந்தால் அதுதான். சோக் கம்பியில் சிறிது தளர்வு விட்டுக் கட்டவும்.

சூடாக நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் பிடிக்கவில்லை

இந்த எஞ்சினில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். நிறுத்தியதும் எக்ஸாஸ்ட் சூடு ஃப்ளோட் சேம்பரைக் கொதிக்க வைக்கும். சூடு கடத்தாத தடித்த பேக்கலைட் இடைத்துண்டு, எக்ஸாஸ்ட்டுக்கு மேல் ஒரு தகடு, இரண்டும் வேண்டும். ஹெச்எஸ்4 மாட்டும்போது பலர் இந்தத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்து அப்படியே பிடிக்கவும். பம்ப் அடிப்பதுபோல் திரும்பத் திரும்ப மிதிப்பதால் எஸ்.யூவில் எந்தப் பயனும் இல்லை.

ஏற்றத்தில் தட்டல் சத்தம்

லீனாக ஓடினால் தட்டும். டைமிங் முன்கூட்டி இருந்தாலும் தட்டும். மேலே சொன்ன சோக் சோதனையில் தட்டல் குறைந்தால் மிக்சர், குறையாவிட்டால் டைமிங். இன்னொன்று, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாய். அது திராட்டில் தகட்டின் விளிம்பில் உள்ள சிறு துளையிலிருந்து வர வேண்டும். மாற்றிய கார்புரேட்டரில் அந்தத் துளை இல்லையென்று மேனிஃபோல்டில் நேராகச் செருகினால் ஸ்லோவிலேயே டைமிங் முன்னேறிவிடும், பிறகு வைக்கும் எந்த அமைப்பும் பொய்யாகும்.

ஹெச்எஸ்4 மாட்டியபின் எதுவுமே ஒத்துவரவில்லை

வாய் பெரிதானதால் அதே காற்றுக்கு பிஸ்டன் முன்னைவிடக் குறைவாகவே ஏறும். உங்கள் எஞ்சின் நீடிலின் கீழ்ப்பாதியிலேயே வாழ்கிறது. எனவே ஹெச்எஸ்2-வின் ஏஎன்னை இதில் போடுவதும், 1275 சிசி எஞ்சினிலிருந்து வந்த நீடிலை அப்படியே விடுவதும் இரண்டுமே தவறு. மேலே சொன்ன பிளக் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்து நீடில் தேட வேண்டும்.

மூன்று எழுத்து நீடில் இருந்தால், அது ஸ்பிரிங்கால் ஒரு பக்கம் சாய்ந்து ஜெட்டில் உரசியே நிற்கும் வகை. அது கோளாறு அல்ல. ஜெட்டை மையப்படுத்தும் வேலையும் அதற்கு இல்லை. பழைய நிலையான நீடில் அந்தப் பிஸ்டனில் பொருந்தாது.

மேனிஃபோல்டின் துளை ஒன்றேகாலாகவே இருந்தால் கார்புரேட்டரின் வாயிலிருந்து அது ஒரு படியாகத் துருத்தும். துளையை ஒன்றரைக்குச் சாய்வாகக் கடைந்து சமமாக்கவும். கடைசியாக ஃப்ளோட் சேம்பர். கார்புரேட்டர் எந்தக் காரிலிருந்து வந்ததோ அந்தக் காரின் மேனிஃபோல்டு சாய்வுக்கு ஏற்பத்தான் சேம்பரைப் பிடிக்கும் ரப்பர் இடைத்துண்டின் கோணம் இருக்கும். மைனரில் மாட்டியபின் சேம்பர் செங்குத்தாக நிற்கவில்லையென்றால் பெட்ரோல் மட்டம் தவறும். வேறு கோணமுள்ள இடைத்துண்டை வாங்கி மாட்டி, காரைச் சமதரையில் நிறுத்தி, சேம்பரின் பக்கவாட்டில் ஒரு ரசமட்டத்தை வைத்துப் பார்த்தபின்தான் நட்டைத் தொட வேண்டும்.